பிந்தி வந்தவள்

நம்பினால் நம்புங்கள். இது போன மார்கழியில், தெல்தெனியப் பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் நடந்தது. இருளப்பன் கங்காணி கதை கட்டுகிற ஆள் இல்லை. கதை கட்டும் நிலையிலும் அவர் இல்லை.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் புயல் மழைக்கு மண் சரிந்த அன்று அவர் மனைவி இராஜகுமாரி போய்விட்டாள். உடல் கிடைக்கவில்லை. அன்று காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது, அவள் பத்து நிமிடம் பிந்தி வந்தாள். பிந்தியவர்கள் வாய் திறக்கக் கூடாது. கங்காணிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். நின்றாள்.

“மகாராணிக்குப் பல்லக்கு வரலையாக்கும்!” வரிசையில் யாரோ சொல்ல, ஆட்கள் சிரித்தார்கள்.

பெண்டாட்டிக்குச் சலுகை என்று பேச்சு வந்துவிடக் கூடாதே. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னைக்கு ஒனக்குப் பேரு இல்ல, வேலையும் இல்ல. லயத்துக்குப் போ.”

போனாள். 6.25க்கு மலை, அவர்கள் குடியிருந்த லயத்தின் மேல் இறங்கியது.

அந்த மலைத் தண்ணீர் ஹுலு கங்கையில் விழுந்து இந்த நீர்த்தேக்கத்துக்குத்தான் வரும். அதற்காகவே இருளப்பன் இங்கே காவலுக்கு வந்தார். கரையோரம், பலகை மேடைகளின் மேல், சுற்றுலாக்காரர்களுக்கான பன்னிரண்டு கூடாரங்கள். மழைக்கும் குளிருக்கும் எல்லாம் மூடிக் கிடந்தன. ஏழாவதில் அவர் படுத்தார். பகலெல்லாம் தண்ணீரையே பார்த்திருந்தார்.

“ஊட்டுக்குப் போங்க கங்காணி,” என்றார் முதலாளி நபீல். “இந்தக் குளிர்ல நீங்களும் மௌத்தாப் போவீங்க.”

“அவள எடுக்காமப் போக மாட்டேன் மொதலாளி. ஒரு பிடி மண்ணு போடணும்.”

விடிகாலை ஆறு மணிக்குக் கை கால் தானாகப் பெரட்டுக்கு எழும்பும். வெற்றுக் கூடாரங்களின் முன் நின்று பழைய ஆட்களின் பெயர்களைக் கூப்பிடுவார். கடைசிப் பெயர் இராஜகுமாரி.

ஒன்பதாம் நாள், அந்தப் பெயருக்கு எங்கோ ஒரு கூடாரத்தின் ஜிப் இழுபட்டது. சர்ர்ர்… காற்று என்று நினைத்தார்.

இருபதாம் நாள் மழையே இல்லை. அவர் பாய் மட்டும் அடியிலிருந்து நனைந்திருந்தது.

முப்பத்துமூன்றாம் நாள், பலகைக்குக் கீழே… டொக். டொக். எலி என்று நினைத்தார்.

நாற்பத்திரண்டாம் நாள் காலை. மணி 6.04. பனிமூட்டத்தில் தண்ணீரே தெரியவில்லை.

“அழகர்… பிரேமிளா… யுகேஷ்…”

மற்ற எல்லாப் பெயரும் முடிந்தது.

“இராஜகுமாரி.”

“இராஜகுமாரி!”

சொட்… சொட்…

பின்னால்.

பச்சைக் கொழுந்து வாசம். பிடரியில் குளிர்.

“ராசு…?”

பிந்தி வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது.

அவர் அழுதார். “ஒனக்குப் பேரு போட்டாச்சு. முன்னுக்கு வா புள்ள.”

சொட்டுவது நின்றது.

திரும்பினார்.

யாரும் இல்லை. மண்ணில் ஈரக் காலடிகள். ஒரே சோடி. அவை தண்ணீரிலிருந்து வரவில்லை. ஏழாம் கூடாரத்திலிருந்து வந்திருந்தன. அவர் முதுகு வரை வந்திருந்தன. திரும்பிப் போகவில்லை.

எட்டு மணிக்கு வந்த நபீல் அந்தக் காலடிகளைப் பார்த்தார். போய்ப் பொலிஸைக் கூட்டி வந்தார். ஏழாம் கூடாரத்தின் மேடைப் பலகைகளைக் கழற்றினார்கள். புயலில் தண்ணீர் மேடைக்கு மேல் ஏறி, சேற்றை விட்டுவிட்டு வடிந்திருந்தது. அந்தச் சேற்றுக்குள் இராஜகுமாரி கிடந்தாள். வேலைக்குப் புறப்பட்டபடி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு.

அவர் தலையணைக்கு நேர் கீழே. நாற்பத்தொரு இரவும்.