கேரியரில் நான் இருந்தவரை

எனக்கு இன்றுவரை சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் சைக்கிளின் பின்னால் உட்காரத் தெரியும். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மேடு வந்தால் முன்பக்கம் சாய வேண்டும். மணலில் சக்கரம் புதைந்தால் சொல்லாமலே குதித்துவிட வேண்டும். நாய் துரத்தினால் காலைத் தூக்கிக்கொண்டு, ஓட்டுகிறவளைத் திட்ட வேண்டும். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான் என்று அம்மா சொல்லுவாள். அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி. எனக்கும் அதுதான் வந்திருக்கிறது.

அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைக்கிறவரை இருக்கட்டும் என்று, மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் அப்பா வாடகைக்கு வீடு பிடித்தார். அது தொண்ணூறுகளின் பின்பாதி. இதோ வருகிறது, அதோ வருகிறது என்று அந்தக் குவார்ட்டர்ஸ் வருவதற்குள் நான் பாவாடை சட்டையிலிருந்து தாவணிக்கு வந்துவிட்டேன்.

அடுத்த தெருவில் அவள் இருந்தாள். ஊரில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். ஆனால் அவள் அப்பா ஏரைக் கட்டிவைத்துவிட்டு டெம்போ ஓட்டப் போனவர். சவுக்குக் கட்டை, வேர்க்கடலை, மாசி பங்குனியில் தர்பூசணி என்று எதையாவது ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போவார். அவளை அவர் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பச் சம்மதித்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான். தனியாகப் போகக் கூடாது. கூட ஒரு பெண் வர வேண்டும். அந்தக் கூட ஒரு பெண் நான். காலையில் நான் அவள் வீட்டு வாசலுக்குப் போனால்தான் சைக்கிளின் பூட்டையே திறப்பார்கள். சாயங்காலம் என்னை என் வீட்டில் இறக்கிவிட்ட கையோடு அவள் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். லீவு நாளில் சைக்கிள் தொந்தரவு இல்லாமல் மாட்டுக்கொட்டகையில் தூங்கும்.

நான் ஏறினதும் "ஏட்டி, மெதுவா போ" என்பேன். அவளுக்கு அந்த "ஏட்டி" என்றால் அப்படி ஒரு சிரிப்பு. "இன்னாடி உங்க பாஷை, சாமி ஆடுற மாரி கீது" என்பாள். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேனா? "உங்க பாஷையில பாதியைக் கடல் காத்து தூக்கிட்டுப் போயிருச்சு, மிச்சத்தை வெச்சுப் பேசுதீங்க" என்பேன். இப்படிப் பேசிக்கொண்டே போவதற்காக அவள் சைக்கிளை எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டுவாள். சவுக்குத் தோப்பு வழியாக எங்களுக்குப் பின்னால் வந்த ஆடுகள் எங்களைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஒரு நாளும் அவள் காலை ஊன்றியதில்லை.

எங்கள் பள்ளியில் பத்தாவது வரைதான் உண்டு. பிளஸ் ஒன் படிக்க வேண்டுமானால் மாமல்லபுரம் போக வேண்டும். காலை நேரத்து பஸ் எங்கள் ஊருக்கு வரும்போதே பிதுங்கிக்கொண்டு வரும், நிற்காது. ஆகவே சைக்கிள்தான். சைக்கிள் என்றால் தோப்புப் பாதை இல்லை, ஈ.சி.ஆர். அப்போதுதான் அந்த ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். அதில் வண்டிகள் போகிற வேகத்தை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் ஆர்டர் வந்தது. பரீட்சை முடிந்ததும் போகிறோம் என்றார் அப்பா. அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. மறுநாள் காலையில் கேரியரில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போனபின், "அப்ப என் படிப்பு அவ்ளோதான்" என்றாள்.

அவள் நன்றாகப் படிப்பாள். கணக்கில் என்னை விட எவ்வளவோ மேல். நர்ஸ் ஆக வேண்டும் என்று எட்டாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். அதனால்தான் அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குள் நுழைந்து அவள் அப்பாவிடம் நேராகக் கேட்டேன்.

"மாமா, நாங்க கல்பாக்கம் போறோம். இவ பிளஸ் ஒன்னுக்குத் தனியா சைக்கிள்ல போகட்டுமா?"

அவர் டெம்போ சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "அந்த ரோட்ல நான் டெய்லி போய்க்கினு வந்துகினு கீறேம்மா. ஓரத்துல மணலு, பின்னாடி பஸ்ஸு. பஸ்ஸுகாரன் ஹாரன் அட்ச்சா பெரிய பெரிய ஆளே தடுமாறி வுழறான். இது இன்னா பண்ணும்?"

"இவ ஆடாம அசையாம ஓட்டுவா மாமா. விளையாட்டு விழாவுல ஸ்லோ சைக்கிள் ரேஸ் இருக்கு. வந்து பாருங்க."

அவர் மகளைப் பார்த்தார். அவள் கதவோரத்தில் நின்று தாவணி முனையைத் திருகிக்கொண்டிருந்தாள். "சரி. கால் ஊனாம கோட்டைத் தாண்டட்டும். அப்பால பேசலாம்" என்றார்.

ஸ்லோ சைக்கிள் ரேஸ் என்றால் கடைசியாக வருகிறவருக்குத்தான் பரிசு. காலை ஊன்றினால் அவுட். ஊரில் அதற்கென்றே பிறந்தவள் ஒருத்தி உண்டென்றால் அது அவள்தான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தோப்புக்குள் பயிற்சி. அவள் ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போவதற்குள் நான் நூறைத் தாண்டிவிடுவேன். அவள் பரிசாகக் கிடைக்கப்போகிற எவர்சில்வர் டப்பாவில் எனக்கு என்ன போட்டுத் தருவாள் என்பதுவரை பேசி முடித்தாயிற்று. எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று மட்டும் தோன்றவே இல்லை. அது ஏன் என்று இப்போது யோசித்தாலும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் வருகிறது.

விளையாட்டு விழா மாசி மாதத்தில் வந்தது. மைதானத்து வேப்பமரம் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செம்புநிறத்தில் துளிர் விட்டிருந்தது. ஷாமியானா, மைக் செட், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் டிரில், எலுமிச்சம்பழத்தை ஸ்பூனில் வைத்துக்கொண்டு வாயைக் கோணிக்கொண்டு ஓடும் ஏழாம் வகுப்பு, எல்லாம் உண்டு. பி.டி. சார் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடப் போட, கடல் காற்று அதை அழித்துக்கொண்டே வந்தது. அவர் காற்றைத் திட்டினார். காற்றுக்குக் கேட்கவில்லையே என்று எங்களையும் சேர்த்துத் திட்டினார்.

அவள் அப்பா சொன்னபடி வந்துவிட்டார். டெம்போவைச் சுவரோரமாக நிறுத்திவிட்டு, ஆசிரியர்களுக்கென்று ஒரு பெரிய தர்பூசணியை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு நின்றார். எங்கே வைப்பது என்று தெரியாமல் ரேஸ் முடிகிறவரை அதை வைத்துக்கொண்டேதான் இருந்தார்.

சைக்கிள்கள் வரிசையில் நின்றன. அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் கையை ஆட்டினேன். பி.டி. சார் விசில் ஊதினார். அவள் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். ஹேண்டில்பார் கயிறு அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டி போல ஒரு பக்கம் திமிறியது. அவள் இழுத்துப் பிடித்தாள், அது மறுபக்கம் திமிறியது. இரண்டு சக்கர நீளம்கூடப் போயிருக்க மாட்டாள். வலது கால் தரையில் இருந்தது.

"அவுட்!"

மற்றவர்கள் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அங்கேயே நின்று, தரையிலிருந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையன்கள் பக்கமிருந்து "ஓ" என்று ஒரு கூச்சல். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அவள் பிறந்ததிலிருந்து அந்த சைக்கிளில் தனியாகப் போனதே இல்லை. ஓட்டக் கற்றுக்கொண்டதே என்னைப் பின்னால் வைத்துக்கொண்டுதான். பயிற்சியும் அப்படியேதான்.

நான் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினேன். "சார், இன்னொரு சான்ஸ் குடுங்க சார்! நான் பின்னால உக்காந்தா இவ ஆடவே மாட்டா சார்!"

பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஏன், நீ இன்னா அந்த சைக்கிளுக்கு ஸ்பேர் பார்ட்டா? போ அந்தாண்ட!"

மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால் அது மைதானம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்பா சிரிக்கவில்லை.

திரும்பும்போது சைக்கிளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு எங்கள் இருவரையும் முன்னால் உட்காரச் சொன்னார். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேர்த்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைக் கேட்டார்.

"இவ தனியா ஓட்னதே இல்லியாம்மா?"

"நீங்கதான மாமா தனியாப் போகக் கூடாதுன்னு சொன்னீக?"

என் வாய் அப்படி. அவள் என் தொடையில் கிள்ளினாள். அவர் கோபப்படவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டு வந்தார். பிறகு, மகளிடம் சொல்வதுபோல இல்லாமல் ஸ்டியரிங்கிடம் சொல்வதுபோலச் சொன்னார். "கோயம்பேட்ல பழத்த எறக்கிட்டு வரச்சொல்லோ இந்த வண்டியும் இப்டித்தான் குதிக்கும். லோடு இல்லாட்டி எனக்கே கையில நிக்காது."

"அப்ப அனுப்புவீகளா மாமா?"

"பாக்கலாம்."

அப்பாக்கள் சொல்லும் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். பரீட்சை எழுதினோம். கடைசி நாள் மற்றவர்கள் ஒருவர் சட்டையில் ஒருவர் இங்க் அடித்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் தோப்பு வழியாக ஆடுகளை முன்னே விட்டு வந்தோம். சித்திரையில் நாங்கள் கல்பாக்கம் போனோம். வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, அம்மா திறந்து திறந்து மூடினாள். எனக்கு அந்த வீடு பிடிக்கவில்லை.

டவுன்ஷிப்பில் என்னைப் பிளஸ் ஒன் சேர்த்தார்கள். எங்களுக்குச் சனிக்கிழமை லீவு. மாமல்லபுரத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு பஸ்சில் போவேன். அப்படி முதல் தடவை போகும்போது, எங்கள் பழைய ஊரைத் தாண்டியதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டோரத்தில் அவள்! நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி, இரட்டைச் சடை. ஸ்பெஷல் கிளாஸ் போலிருக்கிறது. கேரியரில் சிமெண்ட் சாக்கு ஒன்று டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தது. கத்திக் கூப்பிட்டேன். அவள் தலையைத் திருப்பவே இல்லை.

அவள் பள்ளி ஸ்டாப்பில் இறங்கி கேட்டில் நின்றேன். வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"கூப்புட்டது கேட்டுச்சுடி. திரும்பக் கூடாதுன்னு நைனா ஆர்டரு."

"இது என்னட்டி மூட்டை?"

"நீதான்" என்றாள். "மணலு. நைனாவே ரொப்பி, தூக்கித் தூக்கிப் பாத்து கட்னாரு. அந்தப் பொண்ணு இவ்ளோதான் இருக்கும்னாரு. லீவு முழுக்கத் தோப்புல ஓட்ட வுட்டு, பின்னாடியே நடந்து வந்தாரு. இன்னா, நீ பேசுவ, இது பேசாது. அதான் பேஜாரு."

நான் அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். என்னை அவ்வளவு கனமாக அவர் நினைத்திருக்கிறாரே என்று ரோஷம் வந்தது. அதைச் சொன்னதும் இரண்டு பேரும் கேட்டிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் பஸ்சில் நான் இடப்பக்க ஜன்னலில்தான் உட்காருவேன். சாக்கு வாரா வாரம் சிறுத்துக்கொண்டே வந்தது. அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து இரண்டு கை மணலை எடுத்துக் கொட்டுவாராம். "என்னட்டி, நான் இளைச்சுக்கிட்டே போறேன்?" என்று கேட்பேன். "குவார்ட்டர்ஸ் சாப்பாடு ஒத்துக்கல போல" என்பாள். தீபாவளிக்கு முன்னால் அது ஒரு தலையணை அளவுக்கு வந்திருந்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு சனிக்கிழமை, ஜன்னலில் பார்த்தேன். கேரியரில் ஒன்றுமில்லை. எங்கள் பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டு அவளைத் தாண்டினான். அவள் அசையவில்லை. கோடு போட்டதுபோலப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், பஸ்சில் எழுந்து நின்று கை தட்டாத குறை. ஸ்டாப் வருவதற்குள் ஏனோ கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"எங்கட்டி நான்?" என்றேன் கேட்டில்.

"எறக்கி வுட்டுட்டேன்" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குந்துடி. கிளாசுக்கு நேரம் கீது. உங்க சித்தி வூட்டாண்ட வுட்டுட்டு வரேன்" என்றாள்.

பழையபடி ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தேன். அவள் மிதித்தாள். ஹேண்டில்பார் ஒரு பக்கம் திமிறியது. இழுத்துப் பிடித்தாள், மறுபக்கம் திமிறியது. அவள் கால் தரையில் இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இவ்வளவு வாய் இருந்தும் எனக்கு அவளைக் கேலி செய்யத் தோன்றவில்லை. இறங்கிக்கொண்டேன். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, சித்தி வீடு வரை நடந்தே போனோம்.