காதுக்கு ஒரு கண்ணாடித் தோல்

யுத்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் கருவிகள் திருத்தும் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். படிப்பு எனக்குக் கொஞ்சம்தான். ஆனால் என் கை ஆடாது. அதற்காகவே எடுத்தார்கள்.

வேலை இதுதான். ஒரு வெள்ளைத் தூளைச் சூடாக்கினால் ஆவியாகும். காற்றை உறிஞ்சி எடுத்த உருளைக்குள் அந்த ஆவி போய், உள்ளே வைத்திருக்கும் மின்தகடுகளில் தோல் மாதிரிப் படியும். வெங்காயத் தோலை விட மெல்லிசு, கண்ணாடி மாதிரித் தெளிவு. தூரிகை போகாத இடுக்குக்குள்ளும் போகும். பிறகு உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. தோல் படியக் கூடாத இடங்களை நாடா ஒட்டி மூடுவது என் பொறுப்பு. எண்ணெய்க் கை பட்டால் தோல் உரிந்துவிடும். அதனால் வேலைக்குப் போன காலமெல்லாம் நான் தலைக்கு எண்ணெய் வைத்ததில்லை.

“என்னக்கா, புருசன் இருக்கேக்கையே தலையை இப்பிடிக் காயவிட்டிருக்கிறீங்கள்?” என்று நாங்கள் இருந்த பாலையூற்றில் பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள்.

“என்ர தலை காஞ்சால்தான் கப்பல் நனையாது” என்பேன்.

என் கணவருக்கு ஷெல் விழுந்த சத்தத்தில் காது போயிருந்தது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிதான் துணை. வியர்வையும் கடற்காற்றும் பட்டு அது அடிக்கடி செத்துப்போகும். சந்தைக்குப் போகும் வழியில் ஆமிக்காரர் காவல் நிற்கும் சென்றி. நில் என்றால் நிற்க வேண்டும். நிற்காதவனிடம் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கடைசியாகத் திருத்தியவர், இனி இதைத் திருத்த ஏலாது என்று சொல்லிவிட்டார்.

பட்டறைக்குத் தெற்கிலிருந்து வந்திருந்த சிங்கள இன்ஜினியரிடம் கருவியைக் கொண்டுபோனேன்.

“அக்கா, இது ஏலாது. இதுக்குச் சின்ன வாய் இருக்கு. ஆவி உள்ள போனா இதும் செவிடு.”

“வாய் பொத்துறதுக்குத்தானே சேர் எனக்குச் சம்பளம்?”

சிரித்துவிட்டார். கருவியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்க நல்லெண்ணெய்! மனிசனின் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கின் மிச்சம். அதை ஸ்பிரிட்டில் கழுவி, ஒலி போகும் வாயையும் பட்டரி தொடும் இடத்தையும் மூடிக் கொடுத்தேன். இன்ஜினியர் கப்பல் மின்தகடுகளோடு அதையும் உருளைக்குள் வைத்தார்.

கருவி திரும்பும்வரை கணவரை வாசல் தாண்ட விடவில்லை. “உன்ர கப்பல்காரர் என்ர காதைத் திண்டிட்டினமோ?” என்று அவர் கத்தினார். தன் சத்தம் தனக்கே கேட்காததால் தெரு முழுக்கக் கேட்டது.

வெளியே எடுத்ததும் நாடாவை இழுக்கவில்லை. இழுத்தால் முழுத் தோலும் கூடவே வந்துவிடும். ஓரத்தைப் பிளேடால் கீறிவிட்டுத்தான் உரித்தேன். இன்ஜினியர் பட்டரி போட்டு, கருவியை உள்ளங்கையில் பொத்தினார். ‘கீ’ என்று கத்தியது! உயிர் இருக்கிறது.

“கொண்டுபோங்க அக்கா. நனைஞ்சா எனக்குச் சொல்லுங்க” என்றார்.

மாரிகாலம் வந்தது. ஒருநாள் சந்தையிலிருந்து சைக்கிளில் திரும்பியவரை நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. நான் வாசலிலேயே நின்றேன். தெப்பமாக நனைந்து வந்தார். கருவியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“சென்றியில மண்மூட்டைக்குப் பின்னால நிண்டு கத்தினவன். ஆளைத் தெரியேல்லை. சத்தம் கேட்டது, நிண்டிட்டன்” என்றார்.

அந்த இன்ஜினியர் பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். நனைந்த கதையை அவருக்குச் சொல்லக் கிடைக்கவில்லை. இப்போது தலை நிறைய எண்ணெய் வைக்கிறேன். ஆனால் மழை இரைந்து பெய்தால், கண்ணுக்கே தெரியாத ஒரு தோலை நம்பி என் மனிசனைத் தெருவுக்கு அனுப்பியதும், அவர் திரும்பி வந்ததும்தான் ஞாபகம் வரும். அப்போது என் கைகளை நானே ஒருதரம் திருப்பிப் பார்த்துக்கொள்வேன்.