மிளகாய்ப் பழி

விருதுநகரில் எங்கள் தெருவுக்குள் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். "புருசனுக்கு மிளகாயைப் போட்டே கொன்னாளே, அவ வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டிவிடும்.

அந்த வீட்டுக்கு மிளகாயை நான் கொண்டுவரவில்லை. நான் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பிறந்தவள். எட்டாவதோடு படிப்பை விட்டு, கல்யாணம் ஆகிற வரை பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போனவள். என் வீட்டுக்காரருக்கு விருதுநகரில் ஒரு மண்டியில், மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் மூட்டை தைக்கிற வேலை. சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அடுப்படியில் இருக்கிற எனக்குத் தும்மல் வந்துவிடும். அவர் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பேன். நான் வந்த மறுநாள் அத்தைதான் சொல்லிக் கொடுத்தார். "எம் மகனுக்கு எரிப்பு பத்தலேன்னா தட்டைத் தள்ளிருவான். கை நடுங்காம அள்ளிப் போடு." அள்ளிப் போட்டேன். அதே குழம்பைத்தான் அத்தையும் சாப்பிட்டார், கொழுந்தனும் சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன்.

மாமனாரை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ரத்தமாகப் போய் இறந்துவிட்டார் என்பார்கள். உடம்புச் சூடு என்பார்கள். அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ரத்தம் படுகிறது என்று என்னிடம் சொல்லவே அவருக்கு வெகுநாள் ஆயிற்று. கை ஒடிந்தால் ஊருக்கே காட்டலாம், இதை யாரிடம் காட்டுவது? சூடு என்று மோரும் வெந்தயமும் கொடுத்தோம். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துவிட்டேன். அப்புறம் மூலம் என்றார்கள். மூலம், பவுத்திரம் என்று போர்டு போட்டிருந்த வைத்தியர், துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டச் சொன்னார். ஒரு வருசம் அப்படியே போயிற்று. ஆள் இளைத்து, ஒருநாள் மூட்டையை நிமிர்த்தி வைக்க முடியாமல் கிட்டங்கியிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் அடியில் புற்று என்றார்கள்.

ஆபரேசனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் கை, கால், கண் என்று அடித்து விற்பார்கள். எந்த உறுப்பு நோகிறதோ அதை வாங்கி உண்டியலில் போடவேண்டும். நான் குடல் கேட்டேன். கடைக்காரர் தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு, "வயிறு இருக்கு தாயி. குடல்னு தனியா அடிக்கிறதில்ல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார். வயிற்றை வாங்கிப் போட்டேன். உள்ளே இருக்கிறது எதுவென்று ஆத்தாளுக்குத் தெரியாதா?

ஆபரேசன் முடிந்ததும் ஒரு நர்ஸம்மா துணி மூடிய தட்டோடு வந்து, "சொந்தக்காரங்க யாரு? எடுத்ததைப் பாத்துக்கோங்க" என்றார். அப்படிக் காட்டுவது அங்கே வழக்கமாம். ஒரு சாண் நீளம் இருக்கும். நடுவில் பிளந்துபோய் ஒரு புண். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை குனிந்து பார்த்தார்.

"நெறத்தைப் பாத்தியா? வத்தலை அரைச்சுத் தடவின மாதிரில்லா இருக்கு. எல்லாம் நீ ஊத்துன குழம்பு."

"ரத்தம் பட்டா செவப்பாத்தான் பாட்டி இருக்கும்" என்றார் நர்ஸ்.

"நீங்க சும்மா இருங்க தாயி. பெத்தவளுக்குத் தெரியாதா?"

அந்தத் தட்டிலிருந்துதான் பழி பிறந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்த பிறகு ஒரு டாக்டர் பொண்ணு கட்டிலுக்கு வந்தது. படித்து முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். வெட்டி எடுத்ததில் பரிசோதனைக்குப் போக மிச்சம் இருக்கிறது, அதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. இஷ்டம் இல்லையென்றால் வேண்டாம், வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்றும் சொன்னது.

"அறுத்தது பத்தாதாக்கும்?" என்றார் அத்தை. "நாளப்பின்ன இவன் மேல போறப்ப ஒரு துண்டு குறையுதேன்னு எமன் கேட்டா, நானா பதில் சொல்ல?"

என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எமன் என்ன எடை போட்டா எடுக்கப்போறான்? சும்மா இரும்மா." அப்புறம் அந்தப் பொண்ணிடம், "எங்க கிட்டங்கியில மூட்டைக்குள்ள குத்தூசியை விட்டு ஒரு கை சாம்பிள் எடுத்துப் பாப்போம். அது மாதிரிதானே டாக்டரம்மா? எடுத்துக்கோங்க" என்றார்.

நான் அந்தப் பொண்ணை வராந்தாவில் மறித்துக் கேட்டேன். "அதைப் பாத்து, மிளகாயாலதான் வந்துச்சா இல்லையான்னு சொல்லிருவீகளா?"

"ஒருத்தருக்குன்னு தனியாச் சொல்றது கஷ்டம்மா. நெறைய பேரோடதைச் சேத்துப் பாக்கணும். பாக்கலாம்."

அது சொன்னதில் கடைசிச் சொல் மட்டும்தான் என் காதில் ஏறியது. பார்த்துச் சொல்வார்கள். என் குழம்பால் வரவில்லை என்று படித்தவர்கள் வாயால் வரும். அந்த ஒரு சொல்லை மடியில் முடிந்துகொண்டு ஊருக்கு வந்தேன்.

வந்த அன்றே அத்தை அஞ்சறைப் பெட்டியிலிருந்த வத்தலைத் தெருச் சாக்கடையில் கொட்டினார். டப்பாவில் இருந்ததைத் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். ஒத்துக்கொள்கிறதை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். மிளகாய் ஆகாது என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் டாக்டர் சொல்லுக்கு மேல் ஒரு சொல் இருந்தது.

அவருக்கு வயிற்றில் ஓட்டை போட்டு, மலம் இறங்கப் பை மாட்டியிருந்தார்கள். "மூட்டையிலேயே இதுதான் சுகம் புள்ள, தைக்க வேண்டியதே இல்ல" என்று கேலி பேசுவார். கழுவிவிடும்போது என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசுவார். ஊசி மருந்து ஏற்ற ஏற்ற வாய் மரத்துப்போயிற்று. கஞ்சியும் மோர்ச்சோறும் இறங்கவில்லை.

"நாக்கு செத்துப்போச்சு. ஒரே ஒரு மோர்மிளகா வறுத்துக் குடேன்."

நான் அத்தை முகத்தைப் பார்த்தேன்.

"ஏ புள்ள, மிச்சம் இருக்கிற குடலையும் அரிக்கணுமாக்கும்?"

"கிட்டங்கி கிட்டங்கியா வத்தல் தைச்சவன்" என்றார் அவர். "எம் வீட்டுல ஒத்த மிளகாய்க்குப் பிச்சை எடுக்கேன் பாரு." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு கேட்கவில்லை.

நோய் ஈரலுக்குப் போய், அடுத்த தைப்பொங்கலைப் பார்க்காமலே போய்விட்டார்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் ஒப்பாரியில் வருகிற சொல்லை மறுத்துப் பேசமாட்டார்கள். பெற்றவள் வயிறு எரிந்து பாடுவது, பாடட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் ஊர் மறக்காது. அத்தை என் எதிரே உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு பாடினார்.

"அம்மியில அரைச்சது வத்தலுன்னு நானிருந்தேன் – என்
அய்யா குடலையில்லா அள்ளிவச்சு அரைச்சிருக்கா!"

சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் புருசன் பக்கத்தில் கிடக்கிறார்.

காரியமெல்லாம் முடிந்து, வயிற்றுப்பாட்டுக்கு அதே மண்டிக்குத்தான் போனேன், வத்தல் காம்பு கிள்ளுகிற வேலைக்கு. முதல் நாளே ஒருத்தி இன்னொருத்தியிடம், "அவ பக்கத்துல தூக்குவாளியை வைக்காதடி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் தும்முகிற மாதிரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் அந்தத் துண்டின் நினைவு வந்தது. இவ்வளவு நாளில் பார்த்திருப்பார்களே!

மறு வாரம் ஒருநாள் லீவு போட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் பொண்ணு வேறு ஊருக்குப் போய்விட்டதாம். தலை நரைத்த ஒரு டாக்டர் இருந்தார். என்னை உட்காரச் சொன்னார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"அதுல பேரு இருக்காதும்மா, நம்பர்தான் இருக்கும். முடியளவு மெல்லிசாச் சீவிக் கண்ணாடியில வச்சுப் பாப்பாங்க. இப்படிப் பல பேரோடதைச் சேத்துப் பாத்தாத்தான் இந்த நோயோட போக்கு புரியும். அதுக்கே பல வருசம் ஆகும். பின்னால வர்றவங்களுக்கு உதவும். இவருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு உங்க கையில எழுதிக் குடுக்கிறதுக்கு இல்ல."

குத்தூசியில் எடுத்த வத்தல் அந்த மூட்டையைப் பற்றிச் சொல்லும். இவர்கள் எடுத்தது உலகத்து மூட்டைக்கெல்லாம் சொல்லும், என் மூட்டைக்குச் சொல்லாது. என் வீட்டுக்காரர் அது தெரியாமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பார், அது வேறு.

"அப்ப மிளகாய்?" என்றேன்.

"என்ன மிளகாய்?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பாரியைக்கூடச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மிளகாயாலதான் இந்தப் புற்று வருதுன்னு சொல்ல ஆதாரம் ஒண்ணும் கிடையாது. அவர் சாப்பிட்டிருக்கலாம்மா."

அவர் சாப்பிட்டிருக்கலாம். பழி தீர்கிற சொல்லைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். கேட்டதும், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த முதுகுதான் எனக்கு முன்னால் வந்து நின்றது.

டாக்டர் பிறகு கேட்டார், இவ்வளவு சின்ன வயதில் வந்திருக்கிறதே, அவர் குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று. மாமனார் ரத்தமாகப் போய் இறந்ததைச் சொன்னேன். சிலருக்கு இது ரத்த வழியாக வரும் என்றார். குடலின் உள்சுவரில் முதலில் பரு மாதிரி ஒரு சின்னச் சதைதான் வளருமாம். வலிக்காதாம், வருசக்கணக்கில் பேசாமல் இருக்குமாம். அப்போதே குழாய் விட்டுப் பார்த்து எடுத்துவிட்டால் அதோடு போயிற்று. "கூடப்பிறந்தவர் இருக்காரா? உடனே கூட்டிட்டு வாங்க."

கொழுந்தன் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். முப்பது வயது. தங்கமான பிள்ளை. பஸ்ஸில் வரும்போது எனக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருத்தி சொன்னாள், 'உங்க வம்ச ரத்தந்தான் அத்தை, எங் குழம்பு இல்லன்னு தெருவே கேக்கச் சொல்லு.' இன்னொருத்தி, அந்தப் பிள்ளை பிழைக்கட்டும், பதமாகச் சொல் என்றாள். பதமாகத்தான் சொன்னேன்.

அத்தை கேட்டுவிட்டு எழுந்து நின்றார். "ஒருத்தனைத் தின்னுட்டே. இப்ப இளையவனுக்கும் நாள் குறிக்கியா?"

"நாள் குறிக்கல அத்தை. போய்ப் பாத்துட்டா ஒண்ணும் வராதாம். மாமாவுக்கும் இதாத்தான் இருந்திருக்கும்னு..."

"செத்தவரை இழுக்காதே!"

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டார். "குழாய் எங்கன விடுவாக மதினி?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். முகம் சுருங்கிப்போயிற்று. "இப்ப சீசன் மதினி. வடக்க போற ஆர்டர் அம்புட்டும் கெடக்கு. தீபாவளி முடியட்டும், போவோம்."

அத்தை பயந்துவிட்டார் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. கொழுந்தனுக்குக் கட்டி வைத்திருந்த தூக்குவாளியைத் திறந்து குழம்பைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வெறும் தயிர்ச்சோற்றை வைத்து மூடினார். டிரங்குப் பெட்டியை இழுத்து, நான் புதிதாக வாங்கியிருந்த வத்தலையும் உள்ளே போட்டுப் பூட்டினார். "இனிமே இந்த வீட்டுல எரிப்பே கூடாது. இவனையாவது நான் காப்பாத்திக்கிடுதேன்."

அந்தத் தீபாவளி முடிந்தது. பிறகு கோயில் கொடைத் திருவிழாவுக்கு வெடி ஆர்டர் என்றார். அடுத்த தீபாவளியும் வந்துவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றும்போது ஆத்தாளிடம் நான் என் பழியைப் பற்றி இப்போது கேட்பதில்லை. அந்தப் பிள்ளையைப் பஸ் ஏற்றிவிடு தாயே என்றுதான் கேட்கிறேன். அதே தெருவில், அதே வீட்டில், வேன் ஹாரன் அடித்ததும் அவர் ஓடிவந்து தூக்குவாளியை வாங்குகிறார். "தீபாவளி முடியட்டும் மதினி" என்கிறார். உள்ளே வெள்ளைச் சோறு இருக்கிறது. அதைக் கட்டிக் கொடுப்பது நான்தான்.