ஒரு போத்தல் சாம்பல்

பேர்பெச்சுவா அக்காவுக்குக் கனவும் நனவும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தன. ஜெர்மனியில் வுப்பர்டால் நகரத்துக்கு வந்த புதிதில், ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் ரெயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரஞ்சினி, கடலுக்கடியில நிண்டு வள்ளங்களின்ர அடியைப் பாக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். மன்னார் பேசாலைக்காரி வேறு எதைச் சொல்லுவார்? அன்றிலிருந்து எனக்கும் அந்த ரெயில் வள்ளமாகத்தான் தெரிகிறது.

அவர் வேலை செய்த இடமும் பாதிக் கனவுதான். ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகள். யன்னலுக்கு நேரே ரெயில் மிதந்து போகும். அங்கிருந்துதான் 'ஃபென்ஸ்டர்' என்ற பத்திரிகை வெளிவந்தது. யன்னல் என்று அர்த்தம். யூத மக்களின் வாழ்க்கையைப் பேசும் பத்திரிகை. எந்தச் சபைக்கும் சங்கத்துக்கும் சொந்தமில்லை. ஹில்டே ஸ்டேர்ன்பெர்க் என்ற பிடிவாதக்காரிக்கு மட்டுமே சொந்தம். "சபையின் உதவியை வாங்கினால், தலைவர் வீட்டுக் கலியாணப் படத்தை அட்டையில் போட வேண்டி வரும்" என்பாராம். எனக்கு அந்த மனிசியை நேரில் காணாமலே பிடித்துப்போயிற்று.

சோவியத் நாடு உடைந்து, அங்கிருந்த யூதர்கள் ஜெர்மனிக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் பத்திரிகையில் பாதி ஜெர்மன், பாதி ரஷ்யன். கடவுள் இருக்கிறாரா என்று இரண்டு பேர் மூன்று இதழாகச் சண்டை பிடிப்பார்கள்; பக்கத்திலேயே பீட்ரூட் சூப் வைக்கும் முறை இருக்கும். கடைசிப் பக்கத்தில் மரண அறிவித்தல்கள். அக்கா அங்கே கூட்டித் துடைக்கத்தான் போனார். போகப் போகத் தாள் மடித்தார், உறையில் முகவரி ஒட்டினார், சூப்பை வீட்டில் வைத்துப் பார்த்து "உப்புக் காணாது" என்று ஆசிரியருக்கே தீர்ப்புச் சொன்னார். அக்காவின் ஜெர்மன் நொண்டும், ஹில்டே அம்மாவுக்கு ஒரு காது மந்தம். ஆனாலும் இரண்டு பேருக்கும் கதை ஓயாது.

மேசைக்கு அடியில் ஒரு மட்டைப் பெட்டி இருந்தது. எபிரேய எழுத்தில் கடவுளின் பெயர் அச்சான தாள் பிழையாகிப் போனாலும், வாசகர்கள் கிழிந்த செபப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாலும், எல்லாம் அதற்குள்தான் போகும். "இது குப்பையில்லை பேர்பெச்சுவா, இதில் அவருடைய பெயர் இருக்கிறது" என்று ஹில்டே அம்மா ஒருமுறை சொன்னார். அதை என்ன செய்வது என்று சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. ஆசீர்வதித்த பொருளை என்ன செய்வதென்று, கத்தோலிக்க ஊரான பேசாலையில் பிறந்தவருக்கு யாராவது படிப்பிக்க வேண்டுமா?

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஹில்டே அம்மா இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். மழை விடாமல் பெய்தது. கூரை ஒழுகி, பெட்டி நனைந்து, உள்ளே பூஞ்சணம் பிடித்துவிட்டது. அக்கா பதறிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"கடவுளின்ர பேர் பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்குது ரஞ்சினி. அந்த மனிசி வந்து பாத்தா மனசு தாங்காது. குருத்தோலையை நாங்கள் என்ன செய்யிறனாங்கள்? அதைத்தான் செய்யப்போறன்."

குருத்து ஞாயிறில் ஆசீர்வதித்த ஓலையை மறு வருடம் எரித்து, அந்தச் சாம்பலைத்தான் சாமியார் நெற்றியில் பூசுவாராம். கிழிந்த செபப் புத்தகத்தையும் அப்படித்தான், குப்பையில் போடாமல் மரியாதையாக எரிப்பார்களாம். நான் சைவக்காரி, எனக்கென்ன தெரியும்? சரியென்று தலையாட்டினேன்.

எங்கள் தோட்டத்துண்டில்தான் எரித்தார். அன்று மழை விட்டிருந்தது. பனிப்புகார் இறங்கி, அப்பிள் மரங்கள் பாதி தெரிந்தும் தெரியாமலும் நின்றன. அக்கா முக்காடு போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, பரலோக மந்திரம் சொன்னார். ஹீட்டரில் காயவைத்த தாள்கள் மெல்லப் பிடித்தன. யாரோ இருந்து வாசிப்பது போலப் பக்கங்கள் தாமாகவே புரண்டன. கருகிய எழுத்துகள் மேலே எழும்பி, பனிப்புகாருக்குள் கொஞ்ச நேரம் நின்று, காணாமல் போயின. அவ்வளவு அழகான நெருப்பை நான் பார்த்ததில்லை. தோலட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்று மட்டும் எரிய மறுத்தது. அதன் ஓரங்கள் முன்னமே கருகியிருந்தன.

"இதை ஆரோ முந்தியே எரிக்கப் பாத்திருக்கினம்" என்று சொல்லி, அக்கா அதைத் தடியால் நடு நெருப்புக்குள் தள்ளிவிட்டார். ஏனென்று தெரியாமலே அழுதார். சாம்பல் ஆறியதும் கையால் அள்ளி ஜாம் போத்தலில் போட்டு, மூடிக்கு வெள்ளை லேஸ் துணி கட்டினார்.

ஹில்டே அம்மா ஊன்றுகோலோடு திரும்பி வந்த அன்று, அக்கா போத்தலை இரண்டு கையாலும் நீட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. ஹில்டே அம்மா போத்தலைப் பார்த்தார், மேசைக்கு அடியில் பார்த்தார்.

"எரித்தீர்களா?"

"ஓம், செபம் சொல்லித்தான் எரித்தேன். அழுகைகூட வந்தது."

யன்னலில் ரெயில் வந்தது, போனது. ஹில்டே அம்மா போத்தலை வாங்கி மேசையில் வைத்தார். "நாங்கள் எரிப்பதில்லை. பெட்டி நிறைந்ததும் மலையில் இருக்கும் எங்கள் சவக்காலையில் புதைப்போம், மனிதரைப் புதைப்பது போல. இந்த நாட்டில் எங்கள் புத்தகங்களை எரித்தவர்கள் வேறு ஆட்கள்."

அந்தச் சின்னப் புத்தகம் அவருடைய அப்பாவுடையது. முப்பத்தெட்டில் நாசிகள் யூதரின் செபக்கூடத்தைக் கொளுத்திய மறுநாள், அப்பா சாம்பலுக்குள் கைவிட்டு எடுத்தது. அடுத்த வருடம் பன்னிரண்டு வயது மகளைத் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பியபோது அவளுடைய உடுப்புகளுக்குள் வைத்துக் கொடுத்தது. அதன் பிறகு அப்பாவைக் கிழக்கே கொலைமுகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருக்குக் கல்லறை இல்லை. பெட்டி மலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஹில்டே அம்மா அந்தப் புத்தகத்தை வெளியே எடுத்துவிடுவார். புதுப் பெட்டி வந்ததும் திரும்ப அதற்குள் வைப்பார். புதைக்க மனம் வரவில்லை, அப்பா இறந்துவிட்டார் என்று ஒத்துக்கொள்வதாகிவிடும்.

இதைச் சொல்லிவிட்டு, "வீட்டுக்குப் போங்கள்" என்றாராம்.

அக்கா என் குசினிக் கதிரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "நாசியள் மிச்சம் விட்டதை நான் முடிச்சுப்போட்டன் ரஞ்சினி. வேலை போனாப் போகட்டும். அந்த மனிசியின்ர முகத்தை இனி நான் எப்பிடிப் பாப்பன்?"

"தெரியாமத்தானே அக்கா செய்தனீங்கள்."

"தெரியாமச் செய்தா சாம்பல் திரும்பப் புத்தகமாகுமே?"



கார்த்திகை மாதத்தில் ஹில்டே அம்மாவிடமிருந்து ரெலிபோன் வந்தது. கறுப்பு உடுப்போடு மலைக்கு வரவேண்டுமாம். அக்கா தனியே போகப் பயந்ததால் நானும் கூடப் போனேன். மரங்களில் இருந்து மஞ்சள் இலைகள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. சின்னக் குழியொன்று வெட்டியிருந்தது. ஒரு முதியவர் செபம் படித்தார். ஹில்டே அம்மா போத்தலை உள்ளே இறக்கினார். லேஸ் துணியை அவர் அவிழ்க்கவில்லை.

மண்வெட்டியால் மூன்று தரம் மண் போட்டார். அக்கா அதை வாங்கக் கையை நீட்டினார். ஹில்டே அம்மா கொடுக்கவில்லை. மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு விலகி நின்றார். அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவமானப்படுத்தவா கூப்பிட்டது? அக்கா திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

"பேர்பெச்சுவா!" ஹில்டே அம்மாவின் குரல் உடைந்திருந்தது. "எங்கள் வழக்கத்தில் மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது. துக்கத்தை ஒருவர் கையில் இன்னொருவர் திணிப்பது போலாகிவிடும். நீங்களாக வந்து எடுங்கள்."

அக்கா நடையை நிறுத்தினார்.

"என் அப்பாவையும் எரித்தார்கள். அந்தச் சாம்பலை ஒருவரும் அள்ளவில்லை. இதை நீங்கள் அழுது அள்ளினீர்கள்."

அக்கா திரும்பி வந்தார். மண்வெட்டியைத் தானே பிடுங்கி எடுத்தார்.

அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், ஐம்பது வருடத்துக்கு மேல் பிந்தி, ஹில்டே அம்மாவின் அப்பாவுக்கு மரண அறிவித்தல் வந்தது. துக்கத்தில் இருப்போர்: மகள் ஹில்டே, பேர்பெச்சுவா. அந்த இதழையும் அக்காதான் மடித்து உறையில் போட்டார்.