வலப்பக்கத்து இரண்டு விரல்

எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில் அந்தப் பயிற்றுநருக்கு "ரெண்டு விரல்" என்று பெயர். வயது முப்பத்து நான்கு. விமானத்தைத் திருப்பும் பிடி இரண்டு இருக்கைக்கும் ஒவ்வொன்று உண்டு; ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். வலப்பக்கம் உட்கார்ந்ததும் இவருடைய இரண்டு விரல்கள் தம் பக்கத்துப் பிடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வெளியே பாராமல், கருவிகளை மட்டும் நம்பி ஓடுதளத்துக்கு இறங்கக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. ஒரு முள் இடவலம் காட்டும், இன்னொன்று மேல்கீழ். இரண்டும் நடுவில் நிற்க வேண்டும். வேகம் தொண்ணூறில் அசையாதிருக்க வேண்டும். ஆயிரம் அடிக்கு வரும்போதும் இது அமையாவிட்டால் யோசிக்காமல் மேலே ஏறி, மறுபடி சுற்றி வர வேண்டும். இதை அவரைப் போல் விளக்க ஆளில்லை. ஆனாலும் அவரிடம் படித்த மூன்று பேர் வரிசையாகத் தேர்வில் தோற்றார்கள். நான்காவது ஆளும் தோற்றால் இனி வகுப்பறையோடு சரி, விமானம் கிடையாது என்று தலைமைப் பயிற்றுநர் சொல்லிவிட்டார்.

நான்காவது ஆள், பதினைந்து வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு நர்ஸம்மா. ரெண்டு விரலைவிட ஏழு வயது மூத்தவர். விமானத்துக்குள் "சார்" என்பார், தரையில் "தம்பி".

ஒருநாள் விமானத்தை நிறுத்திவிட்டு நர்ஸம்மா கேட்டார்:

"தம்பி, இப்ப இறக்கினது யாரு?"

"நீங்கதாங்கக்கா."

"நான் வலது பக்கம் திருப்பவே இல்லையே. முள்ளு என்ன, என்மேல பாவப்பட்டு தானா நடுவுக்கு வந்துச்சா?"

பயிற்றுநர் மறுத்தார். ஊசி போடப் பழகிய பெண்களின் கையைத் தான் பிடித்துக்கொண்டே இருந்ததையும், அதில் ஒருத்தி முதன்முதலாகத் தனியாகப் போட்ட அன்று நரம்பு கிடைக்காமல் அழுததையும் நர்ஸம்மா சொன்னார். பயிற்றுநர் தம் வலது கையைப் பார்த்தார்.

"சத்தியமா எனக்கே தெரியலக்கா."

மறுநாள் விமானத்தில் ஏறியதும் நர்ஸம்மா அவர் கைகளில் அட்டையையும் பென்சிலையும் திணித்து, முள்ளைப் பார்த்து எழுதிக்கொண்டே வரச் சொன்னார். ஆயிரத்து இருநூறு அடியில் முள் இடப்பக்கம் ஓடியது. நர்ஸம்மா கூடுதலாகத் திருப்பிவிட, அது வலப்பக்கம் போனது. வேகம் நூற்றைந்து. அவர் எழுதிக்கொண்டே இருந்தார், எழுத்து கோணியது. ஆயிரம் அடியில் நர்ஸம்மாவே எஞ்சினை முழுதாக முடுக்கி ஏறினார். அன்று மூன்றாவது தடவையில்தான் விமானம் தரை தொட்டது.

பதினொரு நாள் இப்படியே போனது. மற்ற பயிற்றுநர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. "என்னப்பா, ஏறுறதுக்கு மட்டும்தான் பாடமா?" என்றார் ஒருவர். இவர் அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு விமானத்துக்குப் போனார்.

தேர்வு நாளில் பயிற்றுநர் தரையில் ரேடியோ பக்கத்தில் நின்றார். முதல் தடவை இறங்காமல் மேலே ஏறுவதாக நர்ஸம்மாவின் குரல் வந்தது. தலைமைப் பயிற்றுநர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடம் கழித்து விமானம் இறங்கியது.

நர்ஸம்மாவோடு பறந்து தேர்வு நடத்திய அதிகாரி உள்ளே வந்து தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டார். "முதல் தடவை அந்தம்மா மேல ஏறாம இருந்திருந்தா ஃபெயில் போட்டிருப்பேன்" என்றார்.

தலைமைப் பயிற்றுநர் பேனாவை எடுத்தார். திங்கட்கிழமை வகுப்பறைப் பட்டியலில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த ரெண்டு விரலின் பெயரை அடித்தார்.