மீட்டர் தேர்ந்தெடுத்த கியர்பாக்ஸ்

கடைசியாக உங்கள் காரைப் பழுதுபார்க்க விட்டுவந்தீர்களே, அந்தப் பட்டறையில் ஜன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? சொல்ல முடியாது, இல்லையா? வண்டியின் கதவில் புதுக் கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்திருப்பீர்கள். ஜன்னலை யார் பார்க்கிறார்கள்?

அப்படி ஜன்னல் மூடிய ஓர் அறையில் வேலை பார்த்தவரைப் பட்டறையில் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங்கில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் விரல் வைத்ததும் சொல்லிவிடுவார். ஆரம்பத்தில் கருவி வைத்து அளந்து சரிபார்த்தவர்கள், போகப் போக அந்த வேலையையே விட்டுவிட்டார்கள்.

பிறர் வண்டியைப் பிரித்துக் கழுவியே காலம் போய்விடக் கூடாது, சொந்தமாக ஒரு வாடகைக் கார் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. எஞ்சின் போன பழைய கார் ஒன்று கைக்கு வந்தது. ஓட்டியவர் உயிரையும் பறித்த விபத்தில் நொறுங்கிய பெரிய கார் ஒன்றிலிருந்து நல்ல எஞ்சினும் கிடைத்தது. ஆனால் பழைய காரின் கியர்பாக்ஸ் அந்த எஞ்சினோடு பொருந்தாது. பொருத்தினாலும் அந்த இழுப்புக்குக் கியர் பல் கொட்டிவிடும். வேறு கியர்பாக்ஸ் தேடி, வீட்டில் தையல் வேலை செய்யும் மனைவியையும் கூட்டிக்கொண்டு பழைய உதிரிபாகக் கடைக்குப் போனார்.

வாசலிலேயே மனைவி கூப்பிட்டு நிறுத்தினார். "என்னங்க, ஒரு கால்ல செருப்பு எங்க?"

திரும்பிப் பார்த்தால், செருப்பு தெருவில் கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை.

"உங்க கால் இப்பெல்லாம் இப்படித்தான் இருக்கு. தானாவே கியர் மாறுற பாக்ஸ் வாங்கிடலாமே, கிளட்ச் மிதிக்கிற வேலை இருக்காதுல்ல?"

"அதெல்லாம் ஓட்டுறதா? சோபாவுல உக்காந்து டிவி பாக்குற மாதிரி. கையால போட்டு மாத்தினாத்தான் வண்டி நம்ம பேச்சைக் கேக்கும்."

கடையில் அந்த எஞ்சினுக்குப் பொருந்துகிற கியர்பாக்ஸ் இரண்டு விதம் இருந்தன. வேனிலிருந்து எடுத்தது ஏற்றத்தில் நன்றாக இழுக்கும். நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்திக்கொண்டே வரும். காரிலிருந்து எடுத்தது ஐந்தாவது கியரில் அமைதியாக ஓடும். "பின்னாடி உக்கார்றவங்க தூங்கணும்" என்று கார் வகையைத் தேர்ந்தெடுத்தார். அதில் இரண்டு இருந்தன. ஒன்று பளபளவென்று கழுவியது, மற்றது எண்ணெயும் மண்ணும் அப்பியது.

"மீட்டர் அண்ணனுக்கு நான் சொல்லணுமா? நீங்களே பாத்து எடுங்க" என்றார் கடைக்காரர்.

கழுவியதன் தண்டைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார் மீட்டர். "வெண்ணெய் மாதிரி சுத்துது."

தூக்குவதற்குக் கை கொடுக்கக் குனிந்த மனைவியின் விரலும் தண்டில் பட்டது. "உள்ள மணல் அரைபடுற மாதிரி இருக்கேங்க?"

"அது உன் தையல் மெஷின் மணல். போய் எண்ணெய் விடு."

"அண்ணி, மீட்டருக்கே மீட்டர் வைக்கிறீங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார். மனைவியும் சிரித்துவிட்டார். தன் விரலை அவரே நம்பவில்லை.

கூட வேலை பார்த்தவர்கள் பொருத்தி ஓட்டிய முதல் நாளே, வேகம் கூடக் கூட கியர்பாக்ஸ் ஊளையிட்டது. மனைவியின் அண்ணன் தயாராக ஒரு விளக்கம் வைத்திருந்தார். "செத்தவன் வண்டி எஞ்சின் மாப்பிள்ளை. கத்தாம என்ன செய்யும்? உன் காலையும் அவன்தான் பிடிச்சு இழுக்கிறான்."

காரணம் தேடச் சோம்பல்படுகிறவர்களுக்குப் பேய் ஒரு வசதி. அது எதிர்த்துப் பேசாது.

கழற்றிப் பிரித்தார்கள். பேரிங்கின் உள்வளையம் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள். அவர் கண்ணை மூடி விரலால் தடவினார். "வழவழன்னுதானே இருக்கு?" என்றார். பிறகு கண்ணைத் திறந்தார். விரல் குழியின் மேலேயே இருந்தது.

வீட்டில் மனைவி தையல் ஊசியை எடுத்தார். "கண்ணை மூடுங்க. குத்தினதும் சொல்லுங்க."

"ம், குத்து."

அவர் கண்ணை மூடியபடியே காத்திருந்தார்.

"குத்தேன், என்ன பயம்?"

"குத்திட்டேங்க" என்றார் மனைவி. மீட்டரின் விரல் நுனியில் ரத்தம் பொட்டாக நின்றது.

மருத்துவமனையில் ஒரு மருத்துவர், அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்: "என்ன வேலை செய்றீங்க? எதால கழுவுறீங்க?" பிரேக்கையும் கியர் பாகங்களையும் ஸ்ப்ரே அடித்துக் கழுவுகிற அறை, ஏசி குளிர் வீணாகிறது என்று முதலாளி ஆணியடித்து மூடிய ஜன்னல், கையுறை கிடையாது. அந்த ஸ்ப்ரேயில் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருந்தது. மூடிய அறையில் மூச்சோடும் தோலோடும் உள்ளே போய், கை கால் நுனி நரம்புகளை அது தின்றுகொண்டிருந்தது. விட்டு விலகினால் மெதுவாகத் தேறலாம், முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

செத்தவன் யாரையும் பிடித்து இழுக்கவில்லை. உயிரோடிருந்த ஒருவர் ஆணியடித்தார், அவ்வளவுதான்.

முதலாளியிடம் போய் நின்றார்கள். "கையுறை போட்டா விரலுக்கு எதுவும் தெரியாதுன்னு நீதானப்பா சொல்லுவே?" என்றார் முதலாளி.

"இப்ப போடாமலே தெரியலைங்க" என்றார் மீட்டர்.

அந்த வாரமே அவருக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது.

மண் அப்பிய அந்த இன்னொரு கியர்பாக்ஸ் கடையிலேயே கிடந்தது. இந்த முறை தண்டைச் சுற்றியது மனைவி. "நறநறங்குதா?" "இல்லைங்க." "மேலும் கீழும் ஆட்டு. ஆடுதா?" "அசையலை." கூட வேலை பார்த்தவர்கள் வந்து பொருத்திக் கொடுத்தார்கள். வண்டி முனகக்கூட இல்லை.

ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தார். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று இடது காலுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துப் பார்த்து மிதித்தார். வண்டி துள்ளி அணைந்தது. மறுபடி துள்ளி அணைந்தது. வலது காலும் பிரேக்கைத் தேடியது. சாவியை அவரே உருவி மனைவியின் கையில் வைத்தார். "நாலு பேரை ஏத்திக்கிட்டு இப்படி ஓட்டக் கூடாது."

காரை விலைக்கு வாங்கியவர் அதை ஓட்டிப் போனபோது, மீட்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு... மூணு போட்டான். நல்லா விழுது." தெருமுனை தாண்டிச் சத்தம் தேய்ந்த பிறகும், "இப்ப நாலு போட்டிருப்பான்" என்றார். மனைவி அவர் விரல்களைப் பிடித்திருந்தார். அவர் குனிந்து பார்த்த பிறகுதான் அது அவருக்குத் தெரிந்தது.

அந்தப் பட்டறை அறையில் இப்போது வேறொருவர் நின்று ஸ்ப்ரே அடிக்கிறார். ஆணி அப்படியே இருக்கிறது. அடுத்த முறை உங்கள் காரைப் பட்டறையில் விடும்போது, கழுவுகிற அறை வரை நடந்து போய்ப் பாருங்கள். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஜன்னல் மூடியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். திறக்கும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.