விழுந்த தென்னையின் குருத்து

பக்கத்து வளவில் தென்னை ஒன்றைத் தறித்தார்கள். இளங்குருத்தின் வாசம் மதிலைத் தாண்டி வந்ததும் தட்டோடு ஓடினேன், இந்த ஐம்பத்தைந்து வயதில்!

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு மறுநாள் காலை, கல்முனையில் எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. வாப்பா நட்ட தென்னைகள் எல்லாம் விழுந்து கிடந்தன. அவர் ஒரு மரத்தின் மேல் குந்தியிருந்தார். உம்மா ஈர மணலிலேயே இறைவனுக்கு நன்றி சொல்லி ஸுஜூது செய்தார். நெற்றியில் ஒட்டிய மண்ணோடு கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இஞ்ச பாருங்க, நாலு புள்ளையளும் உசிரோட இரிக்கி. அல்ஹம்துலில்லாஹ்! எழும்பி இந்தக் குருத்த வெட்டித் தாங்க."

மரம் விழுந்தால் மட்டுமே கிடைக்கும் அந்த வெள்ளைக் குருத்தை அன்றுதான் முதன்முதலாகத் தின்றோம். அப்படி ஓர் இனிப்பு! கையில் துண்டோடு மரத்துக்கு மரம் பாய்ந்தோம். வாப்பா மட்டும் தன் துண்டை வாயில் வைக்கவில்லை.

வாய் நிறையக் குருத்தோடு தம்பி ஆசையாய்க் கேட்டான்: "வாப்பா, நாளைக்கும் காத்தடிக்குமா?"

உம்மா திகைத்துப்போனார். வாப்பா அவனையே பார்த்தார். பிறகு வளவே அதிரச் சிரித்துவிட்டு, "பிஸ்மில்லாஹ்" என்று கடித்தார்.

"என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?" என்று இன்று மதிலுக்கு அப்பால் மரம் தறித்தவர் என்னைக் கேட்டார். எனக்கு வாய் நிறையக் குருத்து.